படிக்க இடம் தந்தவர்கள் படுக்க இடம் தரட்டும்!

மில் தொழிலாளியின் மகனுக்குச் சீமையில் என்ன வேலை என்று ஒரு காலத்தில் கேலி பேசினார்கள். இன்று அந்தக் கேலி எடுபடாது. மதுரையின் மில் தெருக்களிலிருந்தும், மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் நம் பிள்ளைகள் லண்டனுக்கும் டொரான்டோவுக்கும் பெர்லினுக்கும் படிக்கப் புறப்படுகிறார்கள். 2024இல் வெளிநாடுகளில் படித்த இந்திய மாணவர்கள் 13 லட்சத்துக்கு மேல் என்று மத்திய சர்க்கார் பாராளுமன்றத்தில் கணக்குச் சொன்னது. இவர்கள் அத்தனை பேரும் பணக்கார வீட்டுப் பிள்ளைகளா? இல்லை. பாங்கிக் கடன், அடகு வைத்த நகை, ஒன்றரை ஏக்கர் புஞ்சையின் பத்திரம் இவற்றின் மேல் காலை வைத்து விமானம் ஏறுகிறவர்கள் ஏராளம்.

போகிற பிள்ளையிடம் நாம் என்ன கேட்கிறோம்? "என்ன படிப்பு? எத்தனை வருஷம்? முடித்தால் என்ன சம்பளம்?" முதலில் கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிடுகிறோம். "போய் எங்கே தங்குவாய்?" இதற்குப் பதில் தெரியாமல் போகிற பிள்ளைதான், வாங்கிய கடனில் பெரும் பங்கை வீட்டுக்காரனிடம் கொட்டிவிட்டு, ஒரு அறையில் நாலைந்து பேராக முடங்கிக் கிடக்கிறான். பகலில் வகுப்பு, இரவில் ஓட்டலில் பாத்திரம் கழுவும் வேலை, மாதக் கடைசியில் வாடகை; இதுவே அவனுடைய வெளிநாட்டுப் படிப்பாகிவிடுகிறது.

இது படித்தவர் வீட்டு விவகாரம், நமக்கென்ன என்று தோழர்கள் ஒதுக்கிவிடக் கூடாது. இதில் நம் பணம் போகிறது, நம் பிள்ளை வதைபடுகிறான். அதற்கும் மேலாக, இந்தப் பிரச்னையின் வேர் நமக்கு நன்றாகத் தெரிந்த மண்ணில்தான் ஊன்றியிருக்கிறது.

நமக்குத் தெரிந்த கதை

வீடு தேடி அலைவதைப் பற்றி மதுரைப் பாட்டாளிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. செல்லூரிலும் ஆரப்பாளையத்திலும் மேலப்பொன்னகரத்திலும் காம்பவுண்டு வீடுகளில் ஒரு குழாய்க்கும் ஒரு கக்கூஸுக்கும் பல குடும்பங்கள் வரிசையில் நின்ற அனுபவம் நமக்கு உண்டு. வீடு கேட்டுப் போனால் "வாடகைக்கா, ஒத்திக்கா?" என்பது முதல் கேள்வி. "அட்வான்ஸ் எவ்வளவு தருவீர்கள்?" என்பது இரண்டாவது. "நீங்கள் என்ன ஆட்கள்?" என்பது மூன்றாவது. மூன்றாவது கேள்விக்குப் பதில் சொன்னதும் எத்தனை கதவுகள் சாத்தப்படுகின்றன என்பதைத் தாழ்த்தப்பட்ட மக்களைக் கேளுங்கள், முஸ்லிம் குடும்பங்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

1892இல் ஹார்வி சகோதரர்கள் மதுரையில் மில் தொடங்கினார்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் வேலைக்கு வந்து குவிந்தார்கள். கம்பெனிக்கு வேலை செய்யும் கைகள் வேண்டியிருந்தன. அந்தக் கைக்குரிய ஆள் இரவில் எங்கே தலை சாய்ப்பான் என்ற கவலை பின்னால்தான் வந்தது. திருப்பரங்குன்றம் பக்கத்தில் தொழிலாளருக்கென்று வீடுகள் கட்டினார்கள். ஹார்விபட்டி என்ற பெயர் அப்படி வந்ததுதான். பகலில் ஒருவனை வைத்து லாபம் எடுப்பவர் அவன் இரவில் படுக்கும் இடத்துக்கும் பொறுப்பு என்ற நியாயம் அங்கே ஓரளவுக்காவது ஒப்புக்கொள்ளப்பட்டது.

விவசாயத் தொழிலாளியின் கதை இதைவிடக் கசப்பானது. பண்ணையாருடைய நிலத்தின் ஓரத்தில் அவன் குடிசை போட்டிருந்தான். கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டால் "குடிசையைப் பிரித்துக்கொண்டு போ" என்று உத்தரவு வரும். கூலி கேட்க நினைத்தவன் பெண்டு பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொள்வான். 1971இல் தமிழ்நாட்டில் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. குடிசை நின்ற மனை அதில் குடியிருந்தவனுக்கே சொந்தம் என்று அந்தச் சட்டம் சொன்னது. மனைப் பட்டா வெறும் காகிதமா? கூலி கேட்கும் தைரியத்தையும் அல்லவா அது கொண்டுவந்தது!

கூரை யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் நம் வாயும் இருக்கிறது. வயற்காட்டில் நாம் கற்ற இந்தப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு லண்டனைப் பார்ப்போம்.

சீமையில் நடப்பது

பல்கலைக்கழகம் "உனக்கு இடம் உண்டு" என்று கடிதம் அனுப்புகிறது. கட்டணத்தில் ஒரு பகுதியை முன்னதாகவே வாங்கிக்கொள்கிறது. விசாவுக்குப் போனால் பிரிட்டிஷ் சர்க்கார், சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பணம் இருப்பதைக் காட்டு என்கிறது. லண்டனில் படிப்பவர் மாதம் 1,483 பவுன் வீதம் 9 மாதத்துக்கு 13,347 பவுன் காட்ட வேண்டும் என்று 2025 ஜனவரியில் விதித்தார்கள். பாங்கிக் கணக்கில் அந்தத் தொகை இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறார்கள். அந்தத் தொகைக்கு மனிதன் குடியிருக்கத்தக்க அறை கிடைக்கிறதா என்று பார்க்க எந்த அதிகாரியும் இல்லை.

கல்லூரி விடுதியில் இடம் கொஞ்சம், கேட்பவர் அதிகம். தனியார் வீட்டுக்குப் போனால் ஜாமீன் கேட்கிறார்கள். ஜாமீன் போடுபவர் அந்த நாட்டிலேயே குடியிருந்து அங்கேயே சம்பாதிப்பவராக இருக்க வேண்டும். வாடிப்பட்டியில் நாற்று நடுகிற தாயின் கையெழுத்தும், மதுரை மில்லில் ஷிப்டு பார்க்கிற தகப்பனின் கையெழுத்தும் அங்கே செல்லாது. ஜாமீன் இல்லையா, ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கீழே வை! இதுவே அங்கே வெகுகாலம் வழக்கமாக இருந்தது. கையில் இல்லாதவனிடம்தான் அதிகமாகக் கேட்பது என்ற கந்துவட்டிக்காரனின் நியாயம் கடல் கடந்தும் மாறவில்லை.

போதாததற்குச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. 2014இல் பிரிட்டனில் வந்த குடியேற்றச் சட்டத்தின்படி, வாடகைக்கு வருபவருக்கு அந்த நாட்டில் இருக்க உரிமை உண்டா என்று வீட்டுக்காரரே பாஸ்போர்ட்டையும் விசாவையும் சோதிக்க வேண்டும். தவறினால் அவருக்கு அபராதம். 2016 முதல் இது இங்கிலாந்து முழுவதும் அமலாகிறது. விளைவு என்ன? எதற்கு வம்பு என்று அந்நியப் பெயரைக் கேட்டதுமே கதவைச் சாத்துகிறார்கள். இதனால் பாகுபாடு விளைகிறது என்று 2019இல் அங்குள்ள உயர்நீதிமன்றமே கண்டது. ஆனாலும் சட்டம் செல்லும் என்று 2020இல் அப்பீல் கோர்ட்டு தீர்ப்பளித்துவிட்டது.

இது புதிய வியாதியல்ல. 1950களில் லண்டன் வீட்டு ஜன்னல்களில் "கறுப்பருக்கு இடமில்லை" என்று அட்டை தொங்கியது. இனப் பாகுபாட்டுக்கு எதிராக 1965இல் பிரிட்டன் முதல் சட்டம் போட்டபோதுகூட வீட்டு வாடகையை அதில் சேர்க்கவில்லை, 1968இல்தான் சேர்த்தது. அதற்கெல்லாம் முன்னால், 1905இல், இந்திய மாணவர்கள் தங்குவதற்கென்றே ஷியாம்ஜி கிருஷ்ண வர்மா லண்டன் ஹைகேட் பகுதியில் "இந்தியா ஹவுஸ்" விடுதியை அமைத்தார். அதைத் திறந்து வைத்தவர் பிரிட்டிஷ் சோஷலிஸ்ட் தலைவர் ஹைண்ட்மன். சட்டம் படிக்கப் போன நம் வரகனேரி வ.வே.சு. ஐயரும் அங்கே தங்கினார். வெள்ளைக்கார வீட்டுக்காரனின் தயவு வேண்டாத ஒரு கூரை கிடைத்ததும் அந்த மாணவர்கள் என்ன செய்தார்கள்? ஏகாதிபத்தியத்தின் தலைநகரத்திலேயே உட்கார்ந்து அதற்கு எதிராக வாய் திறந்தார்கள்.

யாருக்கு லாபம்?

மாணவன் படுக்கும் கட்டில் இன்று பெரும் மூலதனத்தின் சரக்காகிவிட்டது. 2020இல் பிளாக்ஸ்டோன் என்ற அமெரிக்க முதலீட்டுக் கம்பெனி, பிரிட்டனில் மாணவர் விடுதிகள் நடத்தும் ஐக்யூ கம்பெனியை 466 கோடி பவுனுக்கு வாங்கியது. கோடிக் கணக்கில் போட்ட பணம் லாபத்தோடு திரும்ப வேண்டுமே! எங்கிருந்து வரும்? நம் பிள்ளை மாதாமாதம் கட்டும் வாடகையிலிருந்துதான் வரும்.

கனடாவில் நடந்ததைக் கவனியுங்கள். சொந்த நாட்டு மாணவரைவிடப் பல மடங்கு கட்டணம் கிடைக்கிறது என்று அங்குள்ள கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களை வாரி வாரிச் சேர்த்தன. 2023 முடிவில் படிப்பு அனுமதி பெற்றிருந்தவர்கள் 10 லட்சத்துக்கு மேல். அதற்கேற்ப விடுதி கட்டினார்களா? இல்லை. டொரான்டோவை அடுத்த பிராம்டனில் வீடுகளின் நிலவறைகளில் மாணவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு குடியிருந்தார்கள். வாடகை ஏறியது, உள்ளூர் ஜனங்கள் முணுமுணுத்தார்கள். உடனே சர்க்கார் என்ன செய்தது? மாணவர் காட்ட வேண்டிய பணத்தை 10,000 டாலரிலிருந்து 2024 ஜனவரியில் 20,635 டாலராக உயர்த்தியது. அதே மாதத்தில் புதிய அனுமதிகளை 35 சதவீதம் குறைப்பதாகவும் அறிவித்தது. கட்டணம் வாங்கி லாபம் கண்டது கல்லூரி, வாடகை வாங்கி லாபம் கண்டது வீட்டுக்காரன், தண்டனை மட்டும் மாணவனுக்கு!

ஹாலந்தில் இன்னும் வெளிப்படையாகவே சொன்னார்கள். அறை கிடைக்காதவர்கள் புறப்பட்டு வர வேண்டாம் என்று 2022இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவர்களை எச்சரித்தது. பந்தியில் இலை போட்டுவிட்டு, சோறு நீயே கொண்டுவா என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"அந்நிய மாணவர்கள் வந்துதான் எங்கள் வாடகை ஏறிவிட்டது" என்று அங்குள்ள ஏழைத் தொழிலாளி சொல்கிறான். அவன் கஷ்டம் பொய்யல்ல. நம் ஊரிலும் கல்லூரிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் பக்கத்துத் தெருக்களில் இதைப் பார்க்கிறோம். ஒரு குடும்பம் தரும் வாடகையைவிட, அதே வீட்டில் கட்டில்களைப் போட்டுத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கினால் லாபம் அதிகம். ஆகவே குடும்பத்தைக் காலி செய்யச் சொல்கிறார்கள். வெளியேறும் தொழிலாளி, உள்ளே வரும் மாணவனைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறான். இருவரிடமும் வாங்கும் மூன்றாவது ஆளை இருவரும் பார்ப்பதில்லை. மாணவனும் தொழிலாளியும் ஒருவரையொருவர் பகைக்கும் வரையில் அந்த மூன்றாவது ஆளுக்குக் கொண்டாட்டம்தான்.

நம் வாசலையும் பார்ப்போம்

வெளிநாட்டில் நம் பிள்ளைக்குக் கதவு சாத்தப்பட்டால் கொதிக்கிற நாம், நம் நாட்டுக்குப் படிக்க வருகிறவர்களை எப்படி நடத்துகிறோம்? ஆப்பிரிக்க மாணவர்கள் நம் பெருநகரங்களில் வீடு கேட்டுப் படும் அவமானம் கொஞ்சமல்ல. 2017 மார்ச்சில் டெல்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் அவர்களைக் கும்பல் கூடி அடித்தார்கள். நிறத்தைப் பார்த்து, சாதியைப் பார்த்து, சமையலைப் பார்த்து வீடு மறுக்கும் வழக்கத்தை இங்கே சகித்துக்கொண்டு, அங்கே நியாயம் கேட்டால் அந்தக் குரலில் வலு இருக்குமா? மேலூரிலிருந்து லண்டன் போன மாணவனும் நைஜீரியாவிலிருந்து இங்கு வந்த மாணவனும் ஒரே வரிசையில் நிற்பவர்கள்.

முடியாத காரியமா?

வாடகை என்பது மழை, வெயில்போல. யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று சிலர் உபதேசம் செய்கிறார்கள். சரித்திரம் வேறு விதமாகச் சொல்கிறது.

1915இல், முதல் உலக யுத்தத்தின் நடுவில், கிளாஸ்கோ நகரத்தில் வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். ஆண்கள் பலர் போர்முனையில். மேரி பார்பர் என்ற பெண்மணியின் தலைமையில் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் உயர்ந்த வாடகையைக் கட்ட மறுத்தார்கள். காலி செய்ய ஆள் வந்தால் மணி அடித்துத் தெருவையே கூட்டினார்கள். நவம்பரில் வழக்கு கோர்ட்டுக்கு வந்தபோது கப்பல் பட்டறைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு ஊர்வலமாக வந்து நின்றார்கள். அந்த வருஷ முடிவுக்குள் பாராளுமன்றம் சட்டம் போட்டு, வாடகையை யுத்தத்துக்கு முந்திய அளவில் நிறுத்தியது.

வியன்னா நகர சபை 1923இல் வீட்டுவரி ஒன்றைப் போட்டது. பெரிய மாளிகைக்காரன் அதிகமும் சிறிய வீட்டுக்காரன் குறைவுமாகக் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் 1934க்குள் 60,000க்கு மேற்பட்ட வீடுகளைத் தொழிலாளருக்குக் கட்டியது. 1930இல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோப் என்ற ஒரே கட்டிடத்தொகுதியில் மட்டும் 1,382 வீடுகள். இன்றும் அந்த நகர சபையிடம் ஏறத்தாழ 2,20,000 வீடுகள் இருக்கின்றன. புதிதாய் வந்த மாணவனுக்கு அதில் உடனே இடம் கிடைத்துவிடாது. ஆனால் ஜனங்களில் பெரும் பகுதி பொதுவீட்டில் இருக்கும் நகரத்தில் தனியார் வீட்டுக்காரன் இஷ்டம்போல ஆட முடியாது.

ஜெர்மனியில் மாணவர் நலனுக்கென்றே பொது ஸ்தாபனங்கள் இருக்கின்றன. லாப நோக்கமில்லாத அவற்றின் விடுதிகளில் 2 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான இடங்கள் உண்டு. சந்தை விலைக்கு மிகக் கீழே வாடகை. வெளிநாட்டு மாணவர்களுக்கும் அங்கே இடம் தருகிறார்கள். குறை என்னவென்றால், பத்து மாணவரில் ஒருவருக்குக்கூட அது எட்டுவதில்லை. வழி தெரிந்திருக்கிறது, கட்டத்தான் மனமில்லை.

நம் நாட்டில் என்ன நடந்தது? 1960ஆம் வருஷச் சட்டத்தில் "நியாய வாடகை" என்ற ஒன்று இருந்தது. வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுப் போட்டு அதை நிர்ணயிக்கச் சொல்லலாம். அந்தச் சட்டத்தில் ஓட்டைகள் இருந்தன என்பது உண்மைதான். ஓட்டையை அடைப்பதற்குப் பதிலாகச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். 2017இல் நிறைவேறி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் வாடகை என்பது இரு தரப்பும் பேசி முடிப்பது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று எழுதிவிட்டு, வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் சரி என்றும் சேர்த்திருக்கிறார்கள். வீடில்லாதவனும் பத்து வீடு வைத்திருப்பவனும் சமமாக உட்கார்ந்து பேசி முடிப்பார்களாம்!

பிள்ளையை அனுப்புகிறவர்களுக்கு

போராட்டம் ஒரு பக்கம் நடக்கட்டும். வருகிற பருவத்தில் புறப்படும் பிள்ளைக்கு இன்றே சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே விடுதி உண்டா, முதல் வருஷ வெளிநாட்டு மாணவருக்கு இடம் உறுதியா என்று எழுத்தில் கேளுங்கள். தரகர் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். மாணவனைச் சேர்த்துவிட்டால் தரகருக்குக் கல்லூரியிடமிருந்து கமிஷன் உண்டு. அறை கிடைக்காவிட்டால் அவருக்கு நஷ்டம் இல்லை.

இரண்டாவது, நேரில் பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள். படத்தைக் காட்டி, சாவி தபாலில் வரும் என்று சொல்லி ஏமாற்றும் கும்பல்கள் பெருகிவிட்டன. முதல் சில வாரங்களுக்கு விடுதியிலோ தெரிந்தவரிடமோ தங்கி, பார்த்த பிறகு பேசலாம்.

மூன்றாவது, அந்தந்த நாட்டுச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் சாதாரண வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் ஐந்து வார வாடகைக்கு மேல் கூடாது என்பது 2019 முதல் சட்டம். வாங்கியதை வீட்டுக்காரர் அங்கீகாரம் பெற்ற பாதுகாப்புத் திட்டத்தில் கட்டியாக வேண்டும். மாதக்கணக்கில் மொத்த முன்வாடகை கேட்பதைத் தடுத்து, ஒரு மாதத்துக்கு மேல் கூடாது என்று 2025 அக்டோபரில் அங்கே ஒரு சட்டம் நிறைவேறியிருக்கிறது. ஜெர்மனியில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகாது. அதையும் மூன்று தவணையில் கட்டலாம். கனடாவின் ஒன்டாரியோவில் கடைசி மாத வாடகையை மட்டுமே முன்னால் வாங்கலாம். இந்தச் சட்டங்களெல்லாம் தானாகக் கனிந்து விழுந்தவையல்ல. குடியிருப்போர் சங்கங்களும் மாணவர் சங்கங்களும் வருஷக்கணக்கில் கேட்டுப் பெற்றவை. ஆகவே நான்காவது, போன இடத்தில் முதல் வாரத்திலேயே மாணவர் சங்கத்தில் சேரச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் அங்கே காட்டச் சொல்லுங்கள். தனியாளாகப் பேசினால் "பிடிக்காவிட்டால் போ" என்பார்கள். சங்கத்தோடு போனால் நாற்காலி போடுவார்கள். மில் கேட்டில் நாம் கண்ட உண்மைதான் இது.

நாம் கேட்பது

வெளிநாட்டு மேற்படிப்புக்காக மத்திய சர்க்கார் தரும் உபகாரச் சம்பளத் திட்டம் ஒன்று இருக்கிறது. தாழ்த்தப்பட்டோர் உள்ளிட்ட எல்லாருக்குமாகச் சேர்த்து மொத்தம் 125 இடங்கள். அதில் நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பங்களுக்கு ஒதுக்கியது, இந்தியா முழுவதற்கும் சேர்த்து, 4 இடங்கள்! நாலு பேரை அனுப்பிவிட்டு மற்றவர்களைப் பாங்கிக் கடனுக்குத் தள்ளுகிறார்கள். ஏழரை லட்சத்துக்கு மேல் கடன் என்றால் பாங்கிகள் ஈடு கேட்பது வழக்கம். ஈடு வைக்க நிலம் இல்லாதவனுக்கு வழியே இல்லை; கொஞ்சம் உள்ளவனுக்கு அந்தக் கொஞ்சமும் போகும் அபாயம். இந்த எண்ணிக்கை உயர வேண்டும். நகரத்தின் உண்மையான வாடகையைக் கணக்கிட்டு உதவித்தொகை தர வேண்டும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடும் சர்க்கார்களோடும் நம் மந்திரிகள் ஒப்பந்தம் போடும்போது, சேர்க்கும் மாணவருக்கு முதல் வருஷமாவது விடுதி இடம் தர வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்க வேண்டும். கட்டணம் வாங்கும் கையே கட்டிலுக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

மதுரையிலும் இதே கோரிக்கைதான். கிராமத்திலிருந்து படிக்க வரும் பிள்ளைகளுக்குப் போதிய அரசு விடுதிகள். மில்லுக்கும் கடைக்கும் வேலைக்கு வரும் பெண்களுக்குக் கௌரவமான தங்குமிடம். சட்டத்தில் மீண்டும் நியாய வாடகை. சாதியும் மதமும் கேட்டு வீடு மறுப்பவருக்குத் தண்டனை. மாணவர் சங்கமும் மில் தொழிலாளர் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் இவை.

குடிசை மனை சொந்தமாகும் என்று ஒரு காலத்தில் யாரும் நம்பவில்லை. கேட்டார்கள், கூடினார்கள், அடிபட்டார்கள், பெற்றார்கள். பண்ணையாரிடம் கேட்டதைத்தான் இன்று பல்கலைக்கழகத்திடமும் விடுதிக் கம்பெனியிடமும் சர்க்காரிடமும் கேட்கிறோம். படிக்க இடம் தந்தவர்கள் படுக்க இடம் தரட்டும்!